கூலி கேட்ட கொல்லர்

இறைவனுக்கு ஊழியம் செய்வதால் அடியானுக்கு என்ன பயன்? இவ்வினாவை வாய்விட்டுக் கேட்க அஞ்சுவோர் பலர்; வாழ்நாளில் ஒருமுறையேனும் உள்ளத்துக்குள் கேட்டுக் கொள்ளாதோர் மிகச் சிலரே. வைகறை உறக்கத்தைத் துறந்து எழுகிறோம், குளிர்நீரில் ஒளுச் செய்து தொழுகிறோம், ரமலானில் பசித்திருக்கிறோம், உழைத்து ஈட்டிய பொருளில் ஏழையின் பங்கைப் பிரித்துக் கொடுக்கிறோம். அடுத்த வீட்டுக்காரரோ இவற்றுள் ஒன்றும் செய்யாமலே மாடிமேல் மாடி கட்டுகிறார். அவர் பிள்ளைகள் நலமாய் இருக்க, நம் பிள்ளை நோயில் விழுகிறது. அவ்வேளையில் எழும் அந்த வினாவை ஷைத்தானின் தூண்டுதல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒதுக்கிய வினா ஓய்ந்துவிடுவதில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசல் ஹவுளின் கரையில் ஒரு முதியவர் தனித்து அமர்ந்திருந்தார். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். எவர்சில்வர் வந்தபின் அத்தொழில் அவர் கண்முன்னே தேய்ந்து போயிற்று. அவ்வாண்டு அவர் தம் ஒரே மகனையும் பறிகொடுத்திருந்தார். அருகே அமர்ந்த என்னிடம் அவர் அழவில்லை, கணக்குக் கேட்டார். "தம்பி, யாரிடம் வேலை செய்தாலும் பொழுது சாய்வதற்குள் கூலி வாங்கியிருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளாக அவனிடம் வேலை செய்கிறேன். என் கூலி எங்கே?"

பொறுமையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவர் மரியாதைக்காகத் தலையசைத்தார். வினாவைப் புரிந்துகொள்ளாதவன் சொன்ன விடை அது என்பதை வீடு திரும்பும் வழியில் உணர்ந்தேன். அன்றுமுதல் அவருக்காகத் தேடியதைத்தான் ஈண்டு உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலாவதாக, கூலி என்று கேட்பதே அடாத செயல் என எண்ண வேண்டியதில்லை. நன்மை செய்தோர்க்கு உண்டு எனத் திருமறை வாக்களிக்கும் பலனைக் குறிக்க மீண்டும் மீண்டும் அதில் வரும் சொல் 'அஜ்ர்' என்பதாகும். கூலி என்பதே அதன் நேர்ப்பொருள். மத்யன் நாட்டுக் கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் இறைத்துக் கொடுத்தார்களே, அதற்காக அப்பெண்களின் தந்தை அழைத்துத் தர விரும்பியதையும் திருமறை (28:25) 'அஜ்ர்' என்றே கூறுகின்றது. அதே சொல்லால்தான் அல்லாஹ் தன் அடியார்களுக்கு வாக்களிக்கிறான். அதுமட்டுமன்று. நட்டமே காணாத வணிகம் (35:29), வேதனையிலிருந்து காக்கும் வணிகம் (61:10), இறைவனுக்குக் கொடுக்கும் அழகிய கடன் (2:245) என்று, கடைத்தெருவின் மொழியிலேயே அது பேசுகின்றது. கேட்டவர்களுள் மக்கத்து வணிகர்களும் இருந்தார்கள் அல்லவா? தராசையும் பேரேட்டையும் அறிந்தவர்களிடம் அவர்கள் அறிந்த மொழியில் பேசப்பட்டது.

பஸ்ரா நகரத்துத் தவச்செல்வி ராபிஆ அவர்களை நீங்கள் நினைவூட்டக்கூடும். ஹிஜ்ரி 185இல் (கி.பி. 801) மறைந்த அம்மாதரசி, சுவர்க்கத்தின் மீதுள்ள ஆசையாலோ நரகத்தின் மீதுள்ள அச்சத்தாலோ வணங்குவதை விரும்பவில்லை எனப் பிற்கால நூல்கள் விரித்துரைக்கின்றன. அந்த உயரம் அவருக்கு உரியது. ஆனால் மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு தொழிலாளியிடம் அந்த உயரத்தைச் சுட்டிக்காட்டிக் கூலி கேட்காதே என்று சொல்வது எளிதேயன்றி நேர்மையன்று என்பது என் துணிபு. திருமறை அவ்வாறு சொல்லி எவர் வாயையும் அடைக்கவில்லை.

வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊழியத்தால் இறைவனுக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா? உழைக்கிறவன் தனக்காகவே உழைக்கிறான், அல்லாஹ்வோ அகிலத்தாரின் தேவையற்றவன் என்பது அன்கபூத் அத்தியாயம் (29:6) உணர்த்தும் கருத்து. அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் வந்துள்ள ஹதீஸ் குத்ஸி ஒன்று இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. மனிதர், ஜின்கள் அனைவரும் இறையச்சத்தில் தலைசிறந்த ஒருவரின் உள்ளத்தைப் பெற்றுவிட்டாலும் இறைவனின் ஆட்சியில் எதுவும் கூடப்போவதில்லை. அனைவரும் ஒரே திடலில் நின்று வேண்டியதையெல்லாம் பெற்றுச் சென்றாலும், கடலில் தோய்த்தெடுத்த ஊசி கொண்டுவரும் நீரளவுக்கு மேல் அவனிடத்தில் குறையப்போவதில்லை. ஆக, முதலாளிக்கு எள்ளளவும் இலாபமில்லாத வேலை இது. வேலைக்காரனுக்கும் பயனில்லை என்றால் அந்த வேலை எதற்கு? ஆகையால் ஈயம் பூசும் பெரியவர் கேட்டது முறையான கேள்விதான். எப்போது, எந்த நாணயத்தில் என்பதே சிக்கல்.

அவசரக்காரன் ஒருவனைத் திருமறையே நமக்குக் காட்டுகின்றது. விளிம்பில் நின்றுகொண்டு வணங்குபவன் அவன் (22:11). நன்மை வந்தால் அமைதி அடைகிறான். சோதனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இவ்வசனத்திற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தரும் விளக்கம் புகாரியில் உள்ளது. மதீனாவுக்கு வந்து மார்க்கத்தில் சேரும் சிலர், மனைவி ஆண்பிள்ளை பெற்று, குதிரைகளும் குட்டி ஈன்றால் இது நல்ல மார்க்கம் என்பார்களாம்; இல்லையேல் கெட்ட மார்க்கம் என்பார்களாம். நகைப்புக்குரியவர்கள் என்று தோன்றுகிறதல்லவா? தேர்வு முடிவு வரும் வாரத்திலும், வழக்குத் தீர்ப்பாகும் வாரத்திலும் நம் பள்ளிவாசல்களில் கூடும் கூட்டத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள், நகைப்பு அடங்கிவிடும்.

இவ்வளவும் படித்த பின்னரும் பெரியவரிடம் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வசனங்கள் இருந்தன, கூலிக்காரன் ஒருவன் இல்லை. பின்னர்தான் ஹஸ்ரத் கப்பாப் இப்னு அல் அரத் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது.

கப்பாப் தமீம் குலத்தவர் என்பர். இளமையில் பிடிக்கப்பட்டு மக்கத்தில் விற்கப்பட்டவர். உம்மு அன்மார் என்னும் பெண்மணியின் அடிமையானார். உலைக்களத்தில் இரும்பைக் காய்ச்சி வாள் செய்வது அவர் தொழில். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அழைப்பைத் தொடக்க நாட்களிலேயே ஏற்றுக்கொண்ட ஒருசிலருள் அவரும் ஒருவர். உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய நாளன்று, அவர்களின் தங்கை வீட்டில் தாஹா அத்தியாயத்தை ஓதிக் கற்பித்துக் கொண்டிருந்தவர் இந்தக் கொல்லர்தாம் என இப்னு இஸ்ஹாக் குறிக்கிறார்.

குறைஷிப் பெருந்தலைவர்களுள் ஒருவனான ஆஸ் இப்னு வாயில் என்பவனுக்குக் கப்பாப் வாள் ஒன்று செய்து கொடுத்தார். அதற்குரிய பணம் நின்றுபோயிற்று. கேட்கச் சென்றார். முஹம்மதை மறுத்தாலன்றிப் பணம் தரமாட்டேன் என்றான் அவன். நீ மாண்டு, மீண்டும் எழுப்பப்படும் வரையிலும் அவரை மறுக்கமாட்டேன் என்றார் கப்பாப். அவன் நகைத்தான். மாண்டபின் எழுப்பப்படுவேனா? அப்படியானால் அங்கேயும் எனக்குச் செல்வமும் மக்களும் இருக்குமே, அப்போது வா, உன் கடனைத் தீர்க்கிறேன் என்றான்.

இந்நிகழ்ச்சியை ஒட்டியே மர்யம் அத்தியாயத்தின் 77 முதல் 80 வரையிலான வசனங்கள் அருளப்பெற்றன எனக் கப்பாப் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். மறைவானதை அவன் எட்டிப் பார்த்துவிட்டானா, அருளாளனிடம் உறுதிமொழி ஏதும் வாங்கி வைத்திருக்கிறானா என்று வினவி, அவன் கூறுவது பதிவு செய்யப்படும் என்றும், அவன் தன்னந்தனியாகவே நம்மிடம் வருவான் என்றும் அவ்வசனங்கள் எச்சரிக்கின்றன.

அடுத்து வந்த ஒரு வெள்ளியன்று இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். கூர்ந்து கேட்டவர் ஒரே ஒரு வினா எழுப்பினார். "வாளுக்குப் பணம் வந்ததா, இல்லையா?" தொழிலாளிக்கு உரிய வினா! எத்தனையோ ஆலிம்கள் வாயிலாக இவ்வரலாற்றைக் கேட்டிருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டதில்லை. வந்ததாக அந்த அறிவிப்பில் செய்தி இல்லை என்றேன். அவர் வருத்தப்படவில்லை. மாறாக, முதன்முறையாக என்னை நம்பத் தொடங்கியவர்போல் சற்றே நெருங்கி அமர்ந்தார்.

(இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கடன் கொடாத அந்த ஆஸின் மகன் அம்ர், ஹிஜ்ரி 8இல் மதீனாவுக்குச் சென்று இஸ்லாத்தைத் தழுவினார். பிற்காலத்தில் எகிப்தை வென்ற தளபதி அவர்தாம்.)

வாளின் விலை போயிற்று. ஆனால் அந்த வாயிற்படியில் நடந்ததை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். கடன்பட்டவன் ஊர்த் தலைவன். கேட்டு நிற்பவர் விலைக்கு வாங்கப்பட்ட ஓர் அடிமை. ஒரு சொல் சொன்னால் பணம் கைக்கு வரும். மக்கத்தில் எத்தனை பேர் அதைவிடச் சிறிய தொகைக்கு எத்தனை சொல் சொல்லியிருப்பார்கள்! கப்பாப் சொல்லவில்லை. எசமானியின் சொத்தாய் இருந்தவர், குறைஷித் தலைவன் ஒருவனின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கிருந்து வலிமை பெற்றார்? ஒருவனுக்கு ஊழியராய் ஆனதனால் மற்றவர் எவரும் தம்மை விலைபேச முடியாதவராய் அவர் ஆகிவிட்டிருந்தார். இதுவும் பயனில் சேர்ந்ததா என்று நீங்கள் கேட்கலாம். சேர்ந்தது என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் இதைச் சொல்லி ஒருவனுடைய பசியை ஆற்றிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்துக் கப்பாப் பெற்றது நெருப்பு. அவர்தம் உலைக்களத்து நெருப்பையே அவருக்கு எதிராகத் திருப்பினர். கனலும் கரிமேல் அவரைக் கிடத்தினர். பல ஆண்டுகள் சென்றபின் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்நாட்களைப் பற்றி வினவியபோது, கப்பாப் விடை சொல்லாமல் முதுகைத் திறந்து காட்டினார்களாம். தம் முதுகின் கொழுப்பு உருகித்தான் அந்நெருப்பு அவிந்தது என்றார்களாம்.

அந்தத் துன்ப நாட்களில் ஒருநாள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஅபாவின் நிழலில் மேலாடையைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தார்கள். கப்பாபும் தோழர்களும் சென்று முறையிட்டனர். எங்களுக்காக உதவி தேடமாட்டீர்களா, எங்களுக்காகப் பிரார்த்திக்கமாட்டீர்களா என்று கேட்டனர். என் கூலி எங்கே என்னும் வினாவேதான்! வெந்த முதுகோடு கேட்டது என்பதுதான் வேறுபாடு.

அண்ணலார் அளித்த விடை புகாரியில் உள்ளது. முன்னைய சமுதாயங்களில் இறைநம்பிக்கை கொண்டோர் குழியில் நிறுத்தப்பட்டு, தலையில் ரம்பம் வைத்து இரண்டாக அறுக்கப்பட்டதுண்டு; இரும்புச் சீப்புகளால் எலும்பிலிருந்து சதை கோதி எடுக்கப்பட்டதுண்டு; அப்போதும் அவர்கள் பின்வாங்கவில்லை என்று முதலில் நினைவூட்டினார்கள். பின்னர், அல்லாஹ் இப்பணியை நிறைவாக்கியே தீருவான் என்றும், ஸன்ஆவிலிருந்து ஹள்ரமவ்த் வரை பயணம் செய்பவர் அல்லாஹ்வையும், தம் ஆடுகள் பொருட்டு ஓநாயையும் தவிர வேறெதற்கும் அஞ்சாமல் செல்லும் காலம் வரும் என்றும், நீங்களோ அவசரப்படுகிறீர்கள் என்றும் கூறினார்கள்.

இந்த விடையை நான் பலகாலம் மேலெழுந்தவாரியாகவே படித்து வந்தேன். ஒருநாள் திடுக்கிட்டு நின்றேன். ஸன்ஆவிலிருந்து செல்லும் அந்தப் பயணி யார்? கப்பாப் அல்லர். யமன் நாட்டுப் பாதையில், பெயர் அறியாத யாரோ ஒருவர். ஒருவேளை அப்போது பிறந்தே இராதவர். முதுகு வெந்தவர் தம் நோவுக்கு மருந்து கேட்டார். வேறொருவரின் அச்சமற்ற பயணம் அவருக்கு வாக்களிக்கப்பட்டது. உன் துன்பம் நாளை தீரும் என்று அண்ணலார் சொல்லவில்லை. வெறுங்கை என்றும் சொல்லவில்லை. இவர் ஊன்றும் வித்தின் நிழலில் வேறொருவர் நடப்பார் என்று சொன்னார்கள். கப்பாப் திரும்பிச் சென்றார். முறையீடு தொடர்ந்ததாகவோ, அவர் விலகியதாகவோ வரலாறு கூறவில்லை.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. அதைப்பற்றிப் பிற்காலத்தில் கப்பாப் கூறியதொரு செய்தியும் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதிலும் அவர் கையாளும் சொல் 'அஜ்ர்'தான். உலைக்களம் விட்டு நெடுங்காலம் ஆகியும் அவர் கணக்கு மறக்கவில்லை. அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிப் புறப்பட்டோம், எங்கள் கூலி அவன்பால் உறுதியாயிற்று என்கிறார். சிலர் அக்கூலியில் எதையும் சுவைக்காமலே சென்றுவிட்டனர் என்று கூறி, முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களைக் குறிப்பிடுகிறார். வேறு சிலருக்கோ கனி பழுத்துவிட்டது, அவர்கள் பறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்.

முஸ்அப் யார்? மக்கத்து இளைஞர்களில் உயர்ந்த ஆடையும் நறுமணமும் பூண்டு செல்வத்தில் வளர்ந்தவர். நம்பிக்கை கொண்டதனால் அனைத்தையும் இழந்தவர். மதீனா மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க முதன்முதல் அனுப்பப்பட்டவர். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹதுப் போரில் கொடியேந்தி நின்று உயிர்நீத்தார். கஃபனிட அவருடைய கோடிட்ட கம்பளிப் போர்வை ஒன்றுதான் இருந்தது. தலையை மூடினால் கால்கள் தெரிந்தன. கால்களை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடுமாறும், கால்கள்மீது இத்கிர் புல்லை இடுமாறும் பெருமானார் (ஸல்) பணித்தார்கள்.

இத்கிர் என்பது மணமுள்ள ஒருவகைப் புல். மக்கா வெற்றியின்போது அப்புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டலாகாது என்று ஆணை பிறந்தபோது, இத்கிருக்கு மட்டும் விலக்கு வேண்டினார்கள் அண்ணலாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள். வீடுகளுக்கும் கொல்லர்களுக்கும் அது தேவைப்படுகிறது என்பதே அவர்கள் காட்டிய காரணம். விலக்கும் அளிக்கப்பட்டது. ஆகவே கொல்லராகிய கப்பாபுக்கு அந்தப் புல் புதியதன்று. உலைக்களத்தில் கண்ட புல்லைத்தான் தோழரின் கால்களின்மேல் கண்டார்.

இத்தகைய நினைவு கப்பாபுக்கு மட்டும் உரியதன்று. பெருஞ்செல்வராய்த் திகழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நோன்பு திறக்க அமர்ந்த ஒருநாள், உணவு கொண்டுவரப்பட்டது. என்னைவிடச் சிறந்தவரான முஸ்அப் ஒரு போர்வையோடு சென்றாரே, எங்கள் நன்மைகளின் பலன் இவ்வுலகிலேயே முந்திக் கொடுக்கப்பட்டுவிட்டதோ என்று சொல்லி அழுதார்கள். உணவைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

கப்பாபுக்கும் கனி பழுத்தது. இஸ்லாமிய ஆட்சி விரிந்தது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் உருவான கூஃபா நகரில் அவர் குடியேறினார். ஒரு திர்ஹமுக்கும் வழியில்லாதிருந்த அடிமைக் கொல்லரின் வீட்டு மூலையில் நாற்பதாயிரம் திர்ஹங்கள் இருந்தன. அவரே சொன்ன தொகை இது. கொடிய நோயுற்று, அக்கால மருத்துவப்படி உடலில் ஏழு இடங்களில் சூடிடப்பெற்றுப் படுத்திருந்தார். மரணத்தை வேண்டுவதை நபிகளார் தடுத்திருக்காவிடில் அதை வேண்டியிருப்பேன் என்றார். நெருப்பு அவரை முதுமையிலும் விடவில்லை பாருங்கள். அப்போது அவருடைய கஃபன் துணி கொண்டுவரப்பட்டது. நல்ல துணி. அதைக் கண்டு அவர் அழுதார். உஹதில் வீழ்ந்த ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும் முழு உடலை மூடப் போதிய துணி இல்லை, அவர்தம் கால்களின்மீதும் இத்கிரையே இட்டார்கள் என்று நினைவு கூர்ந்தார்.

வாளுக்குப் பணம் வராதபோது அழாதவர், முதுகு வெந்தபோதும் உறுதி குலையாதவர், நாற்பதாயிரம் திர்ஹங்களைப் பார்த்து அழுதார். கையில் ஒன்றுமில்லாத நாளில் எப்போது உதவி வரும் என்று கேட்டார். கை நிறைந்த நாளில் கூலி முழுவதும் வந்து முடிந்துவிட்டதோ என்று அஞ்சினார். நம் அச்சங்கள் எல்லாம் எதிர்த்திசையில் அல்லவா ஓடுகின்றன?

ஹிஜ்ரி 37இல் அவர் கூஃபாவில் காலமானார். ஸிஃப்பீன் போர்க்களத்திலிருந்து திரும்பிய அலீ (ரலி) அவர்கள், நகருக்கு வெளியே புதிய மண்ணறையைக் கண்டு அது யாருடையது என வினவி, அவருக்காக இறையருளை வேண்டி நின்றார்கள் என்பது வரலாறு.

வரலாற்றின் இப்பிற்பகுதியை ஈயம் பூசும் பெரியவரிடம் வேறொரு வெள்ளியன்று கூறினேன். அவர் நெடுநேரம் ஹவுளின் நீரையே நோக்கியிருந்தார். மகனைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. முடிவில், நான் எதிர்பார்த்தபடியே, தொழிலாளியின் வினா வந்தது.

"அந்த நாற்பதாயிரத்தை என்ன செய்தார்?"

பணப்பெட்டியை அவர் கட்டிப் பூட்டி வைத்ததில்லை, கேட்டு வந்தவர் எவரையும் மறுத்ததில்லை என நூல்கள் கூறுவதைச் சொன்னேன். பெரியவர் தலையசைத்தார். முன்பு மரியாதைக்காக அசைத்தது போன்றதன்று இது. அஸருக்கு பாங்கு ஒலித்தது. முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தவர், சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, ஒளுச் செய்ய ஹவுளின் படியில் இறங்கினார்.